கே.ஆர்.கௌரி அம்மா - நிலம் கொடுத்தவருக்குக் கிடைக்காத நாற்காலி

1987-ம் ஆண்டு. கேரளத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்து கொண்டிருந்தது. ஆலப்புழை மாவட்டத்தின் கடற்கரைக் கிராமங்களிலும், வயநாட்டு மலைப்பக்கத்திலும், கண்ணூரின் பீடித் தொழிலாளர்கள் நடுவிலும் ஒரே பெயர் அடிபட்டது. இடதுசாரிகள் வென்றால் கௌரி அம்மாதான் முதலமைச்சர்! பிரச்சாரத்தில் எழுப்பிய முழக்கங்களிலேயே அந்தப் பெயர் இருந்தது. மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இடதுசாரிகள் வென்றார்கள். முதலமைச்சராகப் பதவி ஏற்றவர் ஈ.கே.நாயனார். கௌரி அம்மா தொழில் துறை அமைச்சரானார்.

ஏன் இப்படி நடந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் முப்பது வருடம் பின்னால், 1957-க்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு ஈழவப் பெண் சட்டம் படிக்கக் கிளம்பிய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிறப்பும் படிப்பும்

கௌரி 1919-ம் ஆண்டு ஜூலை 14-ம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சேர்த்தலைக்கு அருகில் உள்ள பட்டணக்காட்டில் பிறந்தார். தந்தை கே.ஏ.ராமன், தாய் பார்வதி அம்மா. ஈழவ சமூகத்தைச் சேர்ந்த, ஓரளவு நிலபுலன் உள்ள குடும்பம். ஸ்ரீ நாராயண குருவின் சீர்திருத்த இயக்கம் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட காலம் அது.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் ஈழவர்கள் பெரிய கோவில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் கூட நடக்க முடியாது. சேர்த்தலைக்கு எதிரே, வேம்பநாட்டுக் காயலின் மறுகரையில்தான் வைக்கம் இருக்கிறது. 1924-25-ல் அங்கே நடந்த சத்தியாகிரகத்தை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரியார் சிறை சென்ற போராட்டம் அது. அப்போது கௌரிக்கு வயது ஐந்து. கோவில்களுக்குள் எல்லா சாதி இந்துக்களும் நுழையலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் 1936-ல் பிரகடனம் செய்தபோது வயது பதினேழு. ஆக, கோவிலுக்குள் போக உரிமை இல்லாத பிள்ளையாகவே அவர் தன் பள்ளிக்கூட நாட்களைக் கழித்தார்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும், செயின்ட் தெரசா கல்லூரியிலும் படித்தார். பிறகு திருவனந்தபுரம் சட்டக் கல்லூரி. கேரளத்தில் ஈழவ சமூகத்திலிருந்து சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். படிப்பை முடித்ததும் சேர்த்தலையில் வக்கீலாகத் தொழிலைத் தொடங்கினார். அந்த வேலையிலேயே இருந்திருந்தால் வசதியான வாழ்க்கை அமைந்திருக்கும். ஆனால் ஊர் அமைதியாக இல்லை.

போராட்டக் களம்

சேர்த்தலை, ஆலப்புழைப் பகுதி கயிறு தொழிலாளர்களும், படகோட்டிகளும், விவசாயக் கூலிகளும் நிறைந்த பகுதி. 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் திவான் சி.பி.ராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ராணுவம் சுட்டதில் ஏராளமானோர் இறந்தார்கள். வயலார் என்பது பட்டணக்காட்டுக்குப் பக்கத்து ஊர். இறந்தவர்களில் பலர் கௌரி அம்மா அன்றாடம் பார்த்த மனிதர்களைப் போன்றவர்கள்தான்.

அவரது அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்க வேலைகளில் ஈடுபட்டவர். அவர் வழியாகவே தங்கைக்கும் இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. கேரளக் கம்யூனிஸ்ட் இயக்கத்தைக் கட்டி எழுப்பிய பி.கிருஷ்ணபிள்ளைதான் அவருக்குக் கட்சி உறுப்பினர் தகுதியைக் கொடுத்தார் என்பார்கள். கிருஷ்ணபிள்ளை 1948 ஆகஸ்டில், தலைமறைவாக இருந்த இடத்தில் பாம்பு கடித்து இறந்து போனார்.

1948-ல் திருவிதாங்கூர் சட்டசபைத் தேர்தலில் கௌரி நின்றார். தோற்றார். அதற்குப் பிறகு கட்சி தடை செய்யப்பட்டது. கைது, சிறை, காவலில் அடி உதை என்று சில ஆண்டுகள் போயின. காவலில் தனக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி அவர் பிற்காலத்தில் ஒளிவு மறைவில்லாமல் பேசியிருக்கிறார். ஒரு பெண் அதையெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது என்று நினைத்த காலத்தில் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1952-லும் 1954-லும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலமாகக் கேரளம் பிறந்தது. அடுத்த ஆண்டே முதல் தேர்தல்.

1957 - ஆறே நாளில் ஒரு அவசரச் சட்டம்

அந்தத் தேர்தலில் 126 இடங்களில் 60 இடங்களைப் பிடித்த கம்யூனிஸ்ட் கட்சி, சுயேச்சைகள் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. தேர்தல் மூலமாக ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் அரசு என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. ஏப்ரல் 5-ம் தேதி ஈ.எம்.எஸ்.நம்பூதிரிபாட் தலைமையில் 11 பேர் கொண்ட அமைச்சரவை பதவி ஏற்றது. அதில் ஒரே ஒரு பெண், 37 வயது கே.ஆர்.கௌரி. அவருக்குக் கிடைத்தது சாதாரண இலாகா அல்ல. வருவாய்த் துறை! கட்சி மக்களுக்குக் கொடுத்திருந்த மிகப் பெரிய வாக்குறுதியான நிலச் சீர்திருத்தம் அந்தத் துறையில்தான் இருந்தது.

அன்றைய கேரளத்தில் நிலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். நிலத்தின் மேல் பரம்பரை உரிமை உடையவர் ஜன்மி. அவரிடமிருந்து காணம் என்ற முறையில் நிலத்தைப் பெற்றவர் ஒருவர். அவரிடமிருந்து வெறும்பாட்டத்துக்கு எடுத்து உழுபவர் இன்னொருவர். இப்படி அடுக்கடுக்காக உரிமைகள். கடைசியில் உழைப்பவன் கையில் மிஞ்சுவது கொஞ்சம். மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என்று மூன்று பகுதிகளிலும் மூன்று விதமான சட்டங்கள். இதற்கெல்லாம் கீழே குடிகிடப்புக்காரர்கள் என்று ஒரு கூட்டம். அடுத்தவர் நிலத்தில் ஒரு குடிசை போட்டுக் கொண்டு, அந்த நிலக்காரருக்கே வேலை செய்து பிழைப்பவர்கள். நிலக்காரர் முகம் சுளித்தால் அன்றைக்கே குடிசையைக் காலி செய்ய வேண்டும்.

நிலச் சட்டம் வரப் போகிறது என்று தெரிந்தால் ஜன்மிகள் என்ன செய்வார்கள்? சட்டம் வருவதற்கு முன்பே குத்தகைக்காரர்களை வெளியேற்றி விடுவார்கள். இது வேறு பல மாநிலங்களில் நடந்தது. கேரளத்தில் அது நடக்க விடவில்லை. பதவி ஏற்ற ஆறாவது நாள், ஏப்ரல் 11-ம் தேதி, குத்தகைக்காரர்களையும் குடிசைவாசிகளையும் வெளியேற்றுவதற்குத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. முழுச் சட்டம் தயாராவதற்கு எத்தனை மாதம் ஆனாலும் அதுவரை யாரையும் நிலத்தை விட்டு இறக்க முடியாது. எளிமையான ஏற்பாடுதான். ஆனால் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த எந்தச் சட்டத்துக்கும் பலன் இருந்திருக்காது.

1957 டிசம்பரில் நில உறவுகள் மசோதாவை கௌரி அம்மா சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். குத்தகைக்காரர் தாம் உழும் நிலத்தைச் சொந்தமாக்கிக் கொள்ளலாம், ஒரு குடும்பம் வைத்துக் கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பவை அதன் முக்கிய அம்சங்கள். தெரிவுக் குழு, விவாதம், திருத்தங்கள் என்று ஒன்றரை ஆண்டு ஓடியது. ஒவ்வொரு பிரிவுக்கும் எழுந்து பதில் சொன்னவர் வருவாய் அமைச்சர்தான். 1959 ஜூன் 10-ம் தேதி மசோதா நிறைவேறியது.

ஐம்பது நாள் கழித்து அரசே இல்லை!

நிலச் சட்டமும், கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டு வந்த கல்விச் சட்டமும் சேர்ந்து பெரிய எதிர்ப்பைக் கிளப்பின. கத்தோலிக்கத் திருச்சபை, மன்னத்து பத்மநாபனின் நாயர் சங்கம், காங்கிரஸ், முஸ்லிம் லீக் எல்லோரும் கை கோர்த்து நடத்திய அந்தப் போராட்டத்துக்கு 'விமோசன சமரம்' என்று பெயர். போலீஸ் துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. அரசு செய்த தவறுகளும் அதில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் போராட்டத்தின் ஊர்வலங்களில் கௌரி அம்மாவுக்கென்று தனி முழக்கங்கள் இருந்தன. அவர் சாதிப் பெயரைச் சொல்லி, அவர் யாரைக் கல்யாணம் செய்து கொண்டார் என்பதை இழுத்து, கேலியாகக் கோஷம் போட்டார்கள். மற்ற அமைச்சர்களின் கொள்கைகளைத் திட்டினார்கள். இவரை மட்டும் பிறப்பையும் கல்யாணத்தையும் வைத்துத் திட்டினார்கள். பொது வாழ்வுக்கு வரும் பெண்களுக்கு இன்றும் இது புதிய அனுபவம் இல்லைதானே...

1959 ஜூலை 31-ம் தேதி மத்திய அரசு 356-வது பிரிவைப் பயன்படுத்தி கேரள அரசைக் கலைத்தது. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மாற்றங்களோடு திரும்பி வந்தது. அடுத்து வந்த அரசு அதைத் திருத்தி 1961-ல் சட்டமாக்கியது. ரயத்துவாரி நிலங்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. பிறகு 1963-ல் வேறொரு நிலச் சட்டம் வந்தது. முதல் மசோதாவின் வீரியம் அதில் இல்லை.

ஒரு வீடு, இரண்டு கட்சி

1957-லேயே கௌரி அம்மாவுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை அதே அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்த டி.வி.தாமஸ். ஆலப்புழைத் தொழிலாளர்களின் பெரிய தலைவர். கிறிஸ்தவர். கட்சித் தலைவர்களே முன்னின்று நடத்தி வைத்த கல்யாணம். அமைச்சர்களாக இருந்த இருவர் மணந்து கொண்டது அன்று நாடெங்கும் செய்தியானது.

1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. கணவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார். மனைவி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். மனைவி என்றால் கணவரின் பின்னால் போவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 1967-ல் ஈ.எம்.எஸ். மீண்டும் முதலமைச்சரானபோது ஏழு கட்சிக் கூட்டணி அமைச்சரவையில் இருவரும் அமைச்சர்கள். அவர் தொழில் துறை, இவர் வருவாய்த் துறை. ஒரே அமைச்சரவை, எதிரெதிர்க் கட்சிகள். அந்தக் கட்சிகளுக்குள் வளர்ந்த பகை வீட்டுக்குள்ளும் வந்து விட்டது. இருவரும் பிரிந்தார்கள். டி.வி.தாமஸ் 1977-ல் இறந்தார். குழந்தைகள் இல்லை.

1990-ல் வந்த 'லால் சலாம்' என்ற மலையாளப் படம் இந்த வாழ்க்கையின் சாயலில் எடுக்கப்பட்டது என்று பேசப்பட்டது. ஆனால் படத்தில் சொல்ல முடியாத ஒன்று உண்டு. கட்சிக்காகக் குடும்பத்தை இழந்த ஆண்களைத் தியாகி என்று சொல்லும் ஊர், அதையே செய்த பெண்ணைப் பிடிவாதக்காரி என்று சொன்னது.

1970 ஜனவரி 1

இரண்டாவது முறை வருவாய் அமைச்சரானதும் கௌரி அம்மா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1963-ம் ஆண்டுச் சட்டத்தில் பெரிய திருத்தங்களைச் செய்யும் மசோதா தயாரானது. 1969-ல் அது நிறைவேறிய நேரத்தில் கூட்டணி உடைந்து ஈ.எம்.எஸ். அரசு கவிழ்ந்தது. நவம்பர் 1-ம் தேதி சி.அச்சுத மேனன் தலைமையில் புதிய அரசு வந்தது. டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 1970 ஜனவரி 1-ம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அன்றிலிருந்து கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. குத்தகைக்காரரின் நிலத்தின் மீது ஜன்மிக்கு இருந்த உரிமை அரசுக்குப் போய், அரசிடமிருந்து உழுபவருக்குப் போனது. உச்சவரம்பு குடும்பத்தின் அளவைப் பொறுத்தது. எப்படிப் பார்த்தாலும் 20 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது. குடிகிடப்புக்காரர்கள் தம் குடிசையைச் சுற்றி பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட் வரை சொந்தமாக்கிக் கொள்ளலாம். 10 சென்ட் என்பது நமக்குச் சின்ன அளவாகத் தோன்றலாம். ஆனால் முகம் சுளித்தால் குடிசையைப் பிய்த்து எறியும் நிலக்காரர் இனி இல்லை என்பதே அதன் மதிப்பு. கூலி கேட்டுப் பேசலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், நாலு தென்னை வைக்கலாம்.

இந்தச் சட்டத்துக்கு உரிமை கொண்டாடுபவர்கள் இன்று வரை இரண்டு பேர். நிறைவேற்றியது எங்கள் ஆட்சி என்று மார்க்சிஸ்ட் கட்சியும், நடைமுறைப்படுத்தியது எங்கள் அச்சுத மேனன் என்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சொல்லும். இரண்டும் உண்மைதான். ஆனால் 1957-லும் 1967-லும், இரண்டு முறையும் அந்தக் கோப்பு ஒரே ஒருவர் மேசையில்தான் இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிலம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்து உழுதவர்களிடம். அவர்களின் வயலில் கூலி வேலை செய்த தலித்துகளுக்குக் குடியிருக்கும் மனைதான் கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை. தேயிலை, ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. ஆதிவாசிகள் இழந்த நிலம் திரும்பவில்லை. கேரளத்தில் பின்னால் நடந்த பல நிலப் போராட்டங்களுக்கு இந்த விடுபடல்களே காரணம்.

கிடைக்காத நாற்காலி

1965 முதல் கௌரி அம்மாவின் தொகுதி அரூர். 1977-ல் ஒரு முறை தோற்றார். மற்றபடி வெற்றிதான். 1980-ல் நாயனார் அமைச்சரவையில் விவசாயத் துறையைக் கவனித்தார்.

பிறகு 1987. முதலில் சொன்ன அந்தத் தேர்தல். கட்சி அதிகாரபூர்வமாக அவரை முதலமைச்சர் வேட்பாளராக அறிவித்ததில்லை என்பது உண்மை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி முழக்கம் எழுந்தபோது கட்சி தடுக்கவும் இல்லை. பெண்களின் ஓட்டும், ஈழவர்களின் ஓட்டும் அதனால் கூடும் என்ற கணக்கு யாருக்கும் தெரியாததல்ல. வென்ற பிறகு கட்சி நாயனாரைத் தேர்ந்தெடுத்தது. பெண் என்பதாலா, ஈழவர் என்பதாலா, யாருக்கும் வளைந்து கொடுக்காத குணத்தாலா? அவரை விரும்பியவர்கள் முதல் இரண்டைச் சொன்னார்கள். கட்சிக்காரர்கள் மூன்றாவதைச் சொன்னார்கள். மூன்றாவது காரணம் நாயனாருக்கு முன்னும் பின்னும் எத்தனை ஆண் தலைவர்களுக்குப் பொருந்தும், அவர்களை அது தடுத்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அதுவரை நாட்டில் பெண் முதலமைச்சர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் சுசேதா கிருபளானி 1963-லும், ஒரிசாவில் நந்தினி சத்பதி 1972-லும் முதலமைச்சர் ஆனார்கள். பக்கத்தில் தமிழ்நாட்டில் 1988-ல் ஜானகி ராமச்சந்திரன் சில வாரங்களும், 1991 முதல் ஜெயலலிதாவும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். பெண் கல்வியில் எல்லோருக்கும் முன்னால் நின்ற கேரளம், கௌரி அம்மா உயிரோடு இருந்த காலம் வரை ஒரு பெண் முதலமைச்சரைப் பார்க்கவில்லை.

கிடைத்த இலாகாவில் அவர் சும்மா இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தொடங்கப்பட்ட 1990-ல் தொழில் அமைச்சர் அவர்தான். நாட்டின் முதல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று இன்று பெருமையோடு சொல்லப்படும் இடம் அது. நிலச் சட்டம் கொண்டு வந்தவர் கணினிக்கு இடம் ஒதுக்குவார் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்! மகளிர் ஆணையத்துக்கான மசோதாவும் அவர் சமூக நலத்துறையைக் கவனித்த அந்தக் காலத்தில்தான் உருவானது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1995-ல் கிடைத்தது. 1996-ல் கவிஞர் சுகதகுமாரி தலைமையில் முதல் ஆணையம் அமைந்தது.

வெளியேற்றம்

கட்சியோடு உரசல் கூடிக் கொண்டே போனது. 1994 ஜனவரியில், கட்சி விரோத நடவடிக்கை என்று சொல்லி மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. வயது 74. அந்த வயதில் யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து விடுவார்கள். அவர் ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி என்ற பெயரில் சொந்தக் கட்சி தொடங்கினார். ஜனநாயகப் பாதுகாப்புச் சங்கம் என்று பொருள்.

அந்தச் சிறு கட்சி காங்கிரஸ் தலைமையிலான கூட்டணியில் சேர்ந்தது. 1959-ல் தன் அரசைக் கலைத்த கட்சியோடு கை கோர்த்தார் என்ற விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆனால் அரூர் மக்கள் 1996-லும் 2001-லும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அங்கே கட்சியை விட அவர் பெரியவராக இருந்தார். 2001 முதல் 2006 வரை ஏ.கே.ஆண்டனி, உம்மன் சாண்டி அமைச்சரவைகளில் விவசாய அமைச்சராக இருந்தார்.

இந்தக் காலகட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆதிவாசிகளிடமிருந்து பிறர் கைக்குப் போன நிலங்களை மீட்டுக் கொடுக்க 1975-லேயே கேரளத்தில் சட்டம் இருந்தது. நடைமுறைப்படுத்த எந்த அரசும் துணியவில்லை. நீதிமன்றம் நெருக்கியது. 1996-ல் அந்தச் சட்டத்தை நீர்த்துப் போகச் செய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாக ஆதரித்தன. குடியேறிய விவசாயிகளின் ஓட்டு இரு தரப்புக்கும் தேவை அல்லவா? 140 உறுப்பினர்கள் கொண்ட சபையில் எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர். 77 வயது கௌரி அம்மா! அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. தன் பழைய சட்டத்தில் விடுபட்டுப் போனவர்களுக்காக அன்று அவர் தனியாக எழுந்து நின்றார்.

கடைசி ஆண்டுகள்

2006-ல் அரூரில் மார்க்சிஸ்ட் கட்சியின் இளம் வேட்பாளர் ஏ.எம்.ஆரிஃபிடம் தோற்றார். 2011-ல் சேர்த்தலையில் நின்றார், அங்கும் தோல்வி. அப்போது வயது 91. மொத்தக் கணக்கு: 17 தேர்தல்கள், 13 வெற்றி, ஆறு அமைச்சரவைகள். அவரது சுயசரிதைக்கு கேரள சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

ஆலப்புழை சாத்தனாட்டில் உள்ள அவர் வீட்டுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து போனார்கள். நீக்கிய கட்சியே திரும்ப அழைத்தது. 2015-ல் அவர் கட்சி மார்க்சிஸ்ட் கட்சியோடு இணையப் போகிறது என்று பேச்சு எழுந்து, கடைசி நேரத்தில் நின்று போனது. 2019-ல் நூறாவது பிறந்த நாளை முதலமைச்சர் பினராயி விஜயன் உட்படப் பல தலைவர்கள் கலந்து கொண்டு கொண்டாடினார்கள்.

2021 மே 11-ம் தேதி, கொரோனாவின் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 101. ஆலப்புழையில் உள்ள வலிய சுடுகாட்டில் அரசு மரியாதையோடு உடல் தகனம் செய்யப்பட்டது. புன்னப்புரை - வயலார் தியாகிகளின் நினைவிடம் இருக்கும் இடம் அது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அவர் இறந்து ஒரு வாரத்தில், மே 18-ம் தேதி, இரண்டாவது பினராயி அரசின் அமைச்சர் பட்டியல் வெளியானது. நிபா, கொரோனா காலங்களில் பெயர் வாங்கிய சுகாதார அமைச்சர் கே.கே.சைலஜா, மட்டன்னூரில் 60,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. பழைய அமைச்சர்கள் யாருக்கும் வாய்ப்பில்லை, முதலமைச்சரைத் தவிர எல்லோரும் புதியவர்கள் என்று கட்சி விளக்கம் கொடுத்தது. கேரளத்தில் அன்று பலரும் உடனே நினைத்துக் கொண்ட பெயர் கௌரி அம்மா.

கௌரி அம்மா முதலமைச்சர் ஆகியிருந்தால் கேரளம் எப்படி மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் வருவாய் அமைச்சர் ஆனதால் என்ன மாறியது என்று சொல்ல முடியும். கேரளத்தின் எந்தக் கிராமத்திலும், தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த ஒரு குடும்பம் இருக்கும். இன்று அவர்களுக்கு அதே இடத்தில் சொந்த மனை இருக்கும். அதற்கு ஒரு பட்டா இருக்கும். முதலமைச்சர்களின் பட்டியலில் கௌரி அம்மாவின் பெயரைத் தேடுபவர்கள், அந்தப் பட்டாவை வாங்கிப் பார்த்தால் போதும்.